படிச்ச பொண்ணு

"எம்பொண்ணு படிச்சதுல உனக்கு என்னய்யா குறை?"

சோபாக்காரன் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது, வாய் நிறைய ஆணி. சோபா தைக்கிறவர்கள் பொடி ஆணியை ஒரு பிடி அள்ளி வாயில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, எடுத்து எடுத்து அடிப்பார்கள். போதாததற்குக் காதில் வேறு ஹெட்போன். எதிரே நிற்கிற பெரியவரின் வாய் அசைவது தெரிகிறது, முகம் சிவந்திருப்பது தெரிகிறது. வாழ்த்த வந்தவர் முகம் இல்லை என்பதும் தெரிகிறது.

"கேக்குறேன்ல? எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சான்னு தெரியுமா உனக்கு? தொண்டத்தண்ணி வத்தப் படிச்சவ. ராத்திரி வீட்டுக்கு வந்தா அவளுக்குப் பேச்சே வராது. அவளுக்கு அஞ்சுக்கு ரெண்டு போட நீ யாரு? உன்னால ஒரு பக்கம் சத்தமாப் படிக்க முடியுமா?"

சத்தம் கேட்டுப் பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள் அக்கா. தம்பியை வளர்த்தது, பட்டறை வைத்துக் கொடுத்தது, இந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்தது எல்லாம் அவள்தான்.

"என்னங்க சார், என்ன ஆச்சு? உக்காந்து பேசுங்க."

"எங்க உக்காருறது?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். உட்காருவதற்காக அவர் வீட்டிலிருந்து வந்த சோபா, தோல் உரிந்து, ஸ்பிரிங்கும் சட்டமுமாக நடுப் பட்டறையில் கிடந்தது.

"உங்க தம்பிக்கு என் பொண்ணு படிச்சது பிடிக்கலயாம். வேற பொண்ணு பாத்திருக்கலாமாம். என் காதால கேட்டேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி அவசரமாக ஆணிகளைக் கையில் துப்பினான். அது பார்ப்பதற்கு மரியாதையாக இல்லை.

"பாத்தீங்களா? துப்புறான்," என்றார் பெரியவர். "சம்பந்தமும் வேணாம், ஒண்ணும் வேணாம்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குத் தராசு என்று பேர். எடைக்கல், தராசு, தண்ணி ஊற்றிய பால் அளவு என்று கடைகடையாகச் சோதனை போட்டு ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அப்படித்தான். டிவியில் துப்பாக்கியோ கத்தியோ தெரிந்தால் உடனே அணைத்துவிடுவார். "மனசு கெட்டுப்போகும்." இடது காதில் எந்நேரமும் சின்னதாக ஒரு மிஷின். காது மந்தமாகிவிட்டது பாவம் என்று தெருவில் எல்லாரும் அவரிடம் கத்தித்தான் பேசுவார்கள். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

அவர் பெண் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் ஓவர்டைம். வாய் அதிகம் திறக்க மாட்டாள். கையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க். இவ்வளவு அடக்கமான பெண்ணை இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா என்று அக்கா மயங்கியது அதில்தான்.

தம்பி மயங்கியது வேறு விஷயத்தில். சோபாவைக் கொண்டுவந்து இறக்கியபோது அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தாள். அவன் எங்கே பழுது என்று கேட்டதற்கு, அவள் குனிந்து சோபாவில் காதை வைத்து, ஓரிடத்தில் கையால் அழுத்தினாள். பிறகு அடுத்த இடத்தில்.

"இந்தப் பக்கம் ஒரு ஸ்பிரிங் மட்டும் வேற சுதியில கத்துது," என்றாள்.

அவன் இத்தனை வருஷத்தில் எத்தனையோ சோபா பார்த்திருக்கிறான். வாடிக்கையாளர்கள் சாய்வார்கள், குதிப்பார்கள், அதட்டுவார்கள். காதை வைத்துக் கேட்ட ஆள் அவள் ஒருத்திதான். அன்றைக்கே அக்காவிடம் போய், "நீ சொன்ன இடமே பேசு," என்றான். அதற்கு முன் அக்கா சொன்ன எந்த இடத்துக்கும் அவன் தலையை நிமிர்த்தியதுகூட இல்லை.

அப்படிப்பட்டவன் ஏன் அப்படிச் சொன்னான்? அங்கேதான் இருக்கிறது சங்கதி.

சோபாக்காரனுக்கு நாள் முழுக்கக் காதில் புத்தகம் ஓடவேண்டும். கை வேலை செய்யும், காது கதை கேட்கும். காலையில் கொலைக் கதை. சாப்பிட்டதும் யுத்த வரலாறு. சாப்பிட்ட உடனே கொலை கேட்டால் ஜீரணம் ஆகாது என்பது அவன் கட்சி. யுத்தத்தில் சாகிறவர்கள் எண்ணிக்கையாகச் சாகிறார்கள், அதனால் வயிற்றைத் தொந்தரவு செய்வதில்லையாம்.

கேட்பதோடு விட்டால் பரவாயில்லை. கருத்தும் சொல்வான். அவன் புத்தகம் கேட்கிற போன் ஆப்பில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே நட்சத்திரம் போட்டு அபிப்பிராயம் எழுதலாம். கை முழுக்கப் பசை என்பதால் இவன் வாயாலேயே சொல்வான், போன் எழுதிக்கொள்ளும். அங்கே அவன் பேர் "ஆணி". நேயர்கள் நடுவே ஓரளவு பிரசித்தம்.

"வரவேற்பறை சோபாவில் பிணம் கிடக்கிறது," என்று ஒரு கொலைக் கதைக்கு எழுதியிருந்தான். "மறுநாள் அதே சோபாவில் குடும்பமே உட்கார்ந்து டீ குடிக்கிறது. நான் கேட்கிறேன், அந்தப் பஞ்சு என்ன ஆயிற்று? ரத்தம் மேல் துணியோடு நிற்காது, கீழ்ச் சாக்கு வரை இறங்கும். நாலு நாளில் வீடு நாறும். துப்பறிகிறவன் மூக்கில்லாதவனா? மூன்று நட்சத்திரம்."

யுத்தம் என்றாலும் விடமாட்டான். "இரண்டு லட்சம் பேர் பனியில் நடந்தார்கள் என்று வீரமாகச் சொல்கிறீர்கள். அந்த நாலு லட்சம் பூட்ஸுக்கு அடித்தோல் தைத்தது யார்? தளபதியின் மீசைக்கு ஒரு அத்தியாயம், தையல்காரனுக்கு ஒரு வரி இல்லை."

இதெல்லாம் எழுத்தாளர்களோடு அவனுக்கிருந்த தகராறு. பெரிய தகராறு படிக்கிறவரோடு. அவன் கேட்ட கொலையில் பாதியும் யுத்தத்தில் முக்காலும் ஒரே பெண் குரலில் இருந்தன. அட்டையில் அவள் பேர் இருந்தது. அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. "படிச்ச பொண்ணு," அவ்வளவுதான். கதை எப்படி இருந்தாலும் கடைசியில் அவளுக்கு ஒரு குட்டு உண்டு. அவசரப்படுகிறாள், வாக்கியத்தை விழுங்குகிறாள், பிணத்தைப் பார்த்தாலும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரியே பேசுகிறாள்.

அவன் ஒவ்வொரு தடவை இப்படி எழுதும்போதும், கீழே ஒரு ஆள் வந்து மல்லுக்கு நிற்பார். பேர் "நடுநிலை நேயர்". அந்தப் பெண் எதைப் படித்தாலும் ஐந்து நட்சத்திரம். "கேட்கத் தெரிந்தவர்களுக்கு இனிக்கும்," என்று எழுதுவார். "ஆணிக்குச் சுத்திச் சத்தம்தான் பழக்கம்." பதிலுக்கு இவன், "நடுநிலை நேயர் காதில் பஞ்சு அடைத்திருக்கிறது, நல்ல தரமான பஞ்சாக இருக்கும்," என்பான். ஒன்றரை வருஷமாக இந்தச் சண்டை.

ஆக, அன்றைக்குக் காலையில் ஒரு கொலைக் கதை முடிந்தது. பாழடைந்த பங்களா, பெரிய குடும்பம். சோபாக்காரன் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருத்தைச் சொன்னான். அதே நேரம் எதிரே டீக்கடையில் நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது.

"குடும்பம் நல்ல குடும்பம். அப்பன்காரன் லேசாக் கோணல், அது பரவால்ல. எல்லாம் பிடிச்சிருந்தது, படிச்ச பொண்ணுதான் பிடிக்கல. எல்லாத்தையும் விழுங்குறா. இதுக்கு வேற பொண்ணு பாத்திருக்கலாம். அஞ்சுக்கு ரெண்டு."

சொல்லி முடித்து, ஆணியை வாயில் போட்டு, அடுத்த புத்தகத்தைக் காதில் ஓடவிட்டான். சோபா எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்த தராசு, வாசலிலேயே நின்று முழுக்கக் கேட்டிருக்கிறார்.

தன்னைக் கோணல் என்றதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்ணைச் சொன்னதற்குத்தான் சண்டைக்கு வந்தார். என்ன பெரிய மனசு என்று டீக்கடையில் பாராட்டினார்கள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"விழுங்குறான்னு சொன்னியாமே. சாப்பிடுறதையாடா குத்திக் காட்டுவ? ஒல்லியா கொடி மாதிரி இருக்கு அந்தப் பொண்ணு."

"அக்கா, நான் சொன்னது அவள இல்ல. ஆடியோ புக்குல படிச்ச பொண்ண. புத்தகத்தச் சத்தமாப் படிப்பாங்கல்ல, அந்தப் பொண்ணு."

"அவ என்ன படிச்சிருக்கா?"

"கொலைக் கதை."

"அதுக்கெல்லாமா படிப்பு இருக்கு?"

அரைமணி நேரம் விளக்கியபின் அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவானது. தம்பி சொன்னது வேறொரு பெண்ணை. அது போதும் என்று போனை எடுத்தாள். தராசுக்குக் காது மந்தம் ஆயிற்றே, வாசலுக்கு வந்து நின்று தொண்டையைத் திறந்தாள்.

"சார், தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. அவன் பிடிக்கலன்னு சொன்னது உங்க பொண்ண இல்ல. அது வேற ஒருத்தி. ஆமா, வேற ஒருத்தி சார். வேற ஒருத்தி."



"எனக்கு அவளும் இவளும் ஒண்ணுதாம்மா," என்றார் தராசு. போனை வைத்துவிட்டார்.

அடுத்தவர் பெண்ணையும் தன் பெண்ணாக நினைக்கிறாரே என்று அக்காவுக்குக் கண் கலங்கியது. தெருவுக்கு அந்த வசனம் கேட்கவில்லை. தெருவுக்குக் கேட்டதெல்லாம் "வேற ஒருத்தி". மத்தியானத்துக்குள் சோபாக்காரனுக்கு வேற ஒருத்தி இருக்கிறாள் என்பது முடிவாகிவிட்டது. யார், எந்த ஊர் என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

மறுநாள் சோபாக்காரனே நேரில் போனான். தராசு தினம் காலையில் பூங்காவைச் சுற்றி நடப்பார். தனியாகத்தான் நடப்பார். அன்றைக்கு எதற்கோ தனக்குத்தானே தலையாட்டிச் சிரித்தபடி நடந்து வந்துகொண்டிருந்தவர், இவனைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார். பிறகு காதிலிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உன் பேச்சைக் கேட்கத் தயாரில்லை என்பதை இதைவிட நாசூக்காக ஒரு மனுஷன் சொல்ல முடியாது.

அதனால் இவன் கத்தவேண்டியதாயிற்று.

"சார், நான் உங்க பொண்ணு படிப்பப் பத்திப் பேசவே இல்ல. அது காதுல கேக்குற புத்தகம். அதப் படிக்கிறவளச் சொன்னேன். ஒன்றரை வருஷமா காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என் காதுல அவ குரல்தான். எனக்கு அவளச் சுத்தமாப் பிடிக்கல சார்."

"பிடிக்காமத்தான் ஒன்றரை வருஷமா விடாமக் கேக்குறியா?"

நடந்துகொண்டிருந்த பெண்கள் நாலு பேர் மெதுவாகக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள்.

"வேற வழியில்ல சார். நல்ல புத்தகமெல்லாம் அவகிட்டதான் மாட்டுது."

"அவ படிச்சதுல என்ன தப்பு? ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்பம்."

அபிப்பிராயம் கேட்டால் சோபாக்காரனுக்கு இடம் பொருள் மறந்துவிடும். "நேத்து யுத்தக் கதை. ஆத்தங்கரையில தளபதி சாகுறார். கூட இருந்த சமையக்காரன் மட்டும் பக்கத்துல நிக்கிறான். எப்படிப்பட்ட இடம்? மூச்சு விடாம அடுத்த ஊருக்குப் போயிடறா சார். மனுஷன் செத்தது எனக்கே அடுத்த அத்தியாயத்துலதான் தெரிஞ்சுது."

தராசு எதையோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் செருப்பு வார்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வேற இடத்துலேர்ந்து வர்றாங்க," என்றார் கடைசியில். "பேங்க்கு மாப்பிள்ளை. அவர் எந்தக் கருத்தும் சொல்ற ஆளா தெரியல."

அன்றைக்கே தெருவில் புது விவரம் சேர்ந்தது. வேற ஒருத்தி, போனில், ஒன்றரை வருஷமாக. பிடிக்கவில்லையாம், விடவும் முடியவில்லையாம். சிலருக்குச் சோபாக்காரன் மேல் இரக்கம்கூட வந்தது.

சோபாக்காரன் அன்று எந்தப் புத்தகமும் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். அக்கா பயந்துபோய்க் கஞ்சத்தனம் பார்க்காமல் இரண்டு டீ வாங்கி வந்தாள்.

"விடுடா. வேற இடம் பாக்கலாம்."

"காத வச்சுக் கேட்டாக்கா," என்றான். "அந்த ஸ்பிரிங் வேற சுதியில கத்துதுன்னு சொன்னா. அது எனக்கே தெரியல. பிரிச்சுப் பாத்தா நிஜமாவே ஒரு ஸ்பிரிங்க எவனோ மாத்திப் போட்டிருக்கான். இதுக்கு மேல எந்த இடத்த பாக்குறது?"

அந்த நேரம் பார்த்துத் தராசு வீட்டிலிருந்து போன். பேசியது அவர் மனைவி. அந்த அம்மாள் பேசி வெளியாள் யாரும் அதிகம் கேட்டதில்லை.

"தம்பி, ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாங்க. உக்கார ஒண்ணும் இல்ல. சோபா ஆயிடுமா?"

இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன சோதனை வரும்? பேங்க் மாப்பிள்ளை வந்து சாய்வதற்கு இவன் தைத்துக் கொடுக்கவேண்டும். அக்கா, "ரெண்டு ஊசி உள்ள வச்சுத் தையுடா," என்றாள். அவன் கேட்கவில்லை. நல்ல பஞ்சாகப் போட்டான். அந்த ஒற்றை ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, கண்ணை மூடிக் காதை வைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். எல்லாம் ஒரே சுதி.

தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் யோசனை வந்தது. விளக்கிச் சொன்னதால்தானே இத்தனை குழப்பம். விளக்கவே வேண்டாம். போட்டுக் காட்டிவிடலாம். புத்தகத்தை ஓடவிட்டு, "இவளத்தான் சொன்னேன்," என்றால் தீர்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சின்ன லாரியில் சோபாவோடு அக்காவும் தம்பியும் போய் இறங்கினார்கள். தராசு தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சோபாவைச் சுவரோரம் போட்டதும் தராசின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பெண் உள்ளே வெந்நீர் காய வைத்துக்கொண்டிருந்தாள்; பாத்திரச் சத்தம் கேட்டது.

"சார், ஒரே நிமிஷம்," என்றான் சோபாக்காரன். "ஒண்ணும் பேசப்போறதில்ல. இதக் கேளுங்க. அந்தப் படிச்ச பொண்ணு இவதான்."

"வேணாம்," என்றார் தராசு, தினசரிக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் அவசரமாக. "இங்க வேணாம். நிறுத்து."

"கேளுங்க சார், உங்களுக்கே புரியும்," என்றாள் அக்கா.

போனில் சத்தத்தை முழுக்க வைத்து அழுத்தினான். ஆற்றங்கரை. தளபதி. குரல் தகரக் கூரையில் ஓடுகிற அணில் மாதிரி ஓடியது. அக்காவே, "அடேயப்பா, யாருடா துரத்துறாங்க இவள," என்றாள்.

"பாத்தீங்களா சார்? விழுங்குறாளா இல்லையா? நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. இதுக்கு அஞ்சுக்கு ரெண்டே ஜாஸ்தி."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பெண் பிளாஸ்க்கோடு வாசற்படியில் வந்து நின்றாள். போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தினசரி அசையவில்லை. நேராக வந்து சோபாக்காரன் கையிலிருந்து போனை வாங்கி, திரையின் மூலையில் ஒரு இடத்தை விரலால் காட்டினாள்.

"இது என்ன?"

"எது?"

"ஒன்றரைன்னு போட்டிருக்கே. வேகம். ஒன்றரை மடங்கு வேகத்துல ஓடுது."

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்றான் அவன். பசைக் கையால் எப்போது அழுத்தினானோ, யாருக்குத் தெரியும்.

அவள் அதை ஒருமுறை தட்டினாள். அணில் நின்றது. குரல் தாழ்ந்து, அகன்று, நிதானமாக அறைக்குள் இறங்கியது. ஆற்றின் மேல் பனி. தளபதியின் கையைச் சமையல்காரன் பிடித்திருக்கிறான். ஒரு வாக்கியம். அதன்பின் மூச்சு. நீளமான ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் மனுஷன் செத்துப்போனார்.

அதே குரல் அவன் எதிரிலிருந்தும் வந்தது.

"ஆணின்னு ஒருத்தர் ஒன்றரை வருஷமா என்னத் திட்டுறார். அது நீங்கதானா?"

சோபாக்காரனுக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. தானே தைத்த சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"பிணம் கிடந்த சோபாவுல பஞ்சு என்னாச்சுன்னு கேட்டதும் நீங்கதானா?"

தலையாட்டினான்.

"அதப் படிச்சிட்டு ஸ்டுடியோவே சிரிச்சுது," என்றாள் அவள். பிறகு ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள். "அப்பா, ஓவர்டைம்னு சொன்னது பொய். சாயங்காலம் ஸ்டுடியோவுக்குத்தான் போறேன். வேற பேருல படிக்கிறேன். எல்லாம் கொலையும் சண்டையும்தான். நீங்க மனசு கெட்டுப்போகும்பீங்கன்னு சொல்லல."

தினசரி மெல்ல இறங்கியது. கத்தியைக் கண்டால் டிவியை அணைக்கிற மனுஷன் இனி என்ன ஆட்டம் ஆடப்போகிறாரோ என்று அக்கா சுவரோரம் ஒண்டிக்கொண்டாள்.

"அப்படியா," என்றார் தராசு.

அவ்வளவுதான். அதிர்ச்சியில் நாக்கு எழவில்லை என்று அக்கா பிற்பாடு தெருவுக்கு விளக்கினாள். கொஞ்சம் கழித்து அவர் சோபாக்காரன் பக்கம் திரும்பி, "அந்த ரெண்டு நட்சத்திரத்த என்ன பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டார்.

"முழுசா இன்னொரு தடவை கேளுங்க," என்றாள் பெண். "என் வேகத்துல. அப்புறம் என்ன தோணுதோ அதச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பேங்க் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சோபாவில் உட்கார்ந்து, டீ குடித்து, ஒன்றும் பேசி முடிக்காமல் போனார்கள். சோபாவை எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார்களாம்.

சோபாக்காரன் அந்த வாரம் முழுக்க அவள் படித்ததையெல்லாம் முதலிலிருந்து கேட்டான். ஆற்றங்கரை வந்தபோது சுத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு ஓட்டலுக்குத் தரவேண்டிய நாற்காலிகள் அப்படியே கிடந்தன.

கருத்துச் சொல்ல உட்கார்ந்தபோது அக்கா பக்கத்திலேயே காவல் நின்றாள்.

"அஞ்சு போட்டுருடா. கண்ண மூடிக்கிட்டு அஞ்சு."

"நாலுதான்க்கா. சமையக்காரன் அழும்போது அவ குரலும் கூட அழுவுது. அங்க அழக்கூடாது. கேக்குறவன் அழணும்."

"டேய், கல்யாணம்டா இது."

"அதனாலதான் நாலு."

அக்கா போய்ப் படுத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். ஆனால் அன்று சாயங்காலமே பெண்ணிடமிருந்து போன் வந்தது. கையெல்லாம் பசை என்பதால் அவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், அதனால் நமக்கெல்லாம் தெரியும்.

"அந்த அழுகையப் பத்தி எனக்கும் சந்தேகம் இருந்துச்சு," என்றாள். "யாருமே சொல்லல. நீங்க அஞ்சு போட்டிருந்தா வேணாம்னு சொல்லலாம்னு இருந்தேன். அஞ்சு போட எனக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். நடுநிலை நேயர்னு. யாரு பெத்த புள்ளையோ."

அந்த நடுநிலை நேயர் அதற்குள் கீழே வந்து எழுதிவிட்டிருந்தார். "ஆணி அவர்களே, மீதி ஒரு நட்சத்திரத்தை வீட்டில் பதுக்கி வைத்திருக்கிறீர்களா?"

கல்யாணம் சுருக்கமாக நடந்தது. தராசு மாப்பிள்ளையோடு நன்றாகத்தான் பேசினார், புத்தகப் பேச்சு வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். பூங்காவில் செருப்பு வார் கட்டிய நாலு பேரில் ஒருத்தியின் மகளை அந்தப் பேங்க் மாப்பிள்ளை கட்டிக்கொண்டார். ஸ்டுடியோ பக்கத்து ஊருக்குப் பெரிய கட்டடத்துக்கு மாறியதால் சோபாக்காரனும் பெண்டாட்டியும் அங்கேயே குடி போனார்கள். பட்டறையும் போயிற்று. அந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை. சத்தம் அதிகம், விஷயம் ஒன்றும் கிடையாது.

சாமான் ஏற்றிய லாரி கிளம்பிய அன்றைக்கு எல்லாரும் தெருமுனையில் நின்றிருந்தோம். தராசு சற்றுத் தள்ளி, இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு, லாரி போன திசையைப் பார்த்தபடி நின்றார். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, தராசின் மனைவியிடம் சொன்னாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இருந்தாலும் சாருக்குக் காது மட்டும் ஒழுங்காக் கேட்டிருந்தா, அன்னைக்கு அந்தச் சண்டையே வந்திருக்காது பாருங்க."

அந்த அம்மாள் நிதானமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவர் காதுக்கு என்ன? எறும்பு ஊர்றது கேக்கும். காதுல இருக்குறது மிஷின் இல்லம்மா, சின்ன ஹெட்போன், புள்ள படிக்கிறத யாருக்கும் தெரியாமக் கேக்குறதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி வாங்கினது. அன்னைக்கு உங்க தம்பி சொன்னத இந்தத் தெருவுலயே சரியாப் புரிஞ்சுக்கிட்டது அவர் ஒருத்தர்தான்."